மண்ணெண்ணெயில் குளித்த முதுகுப் பை

ஏர்போர்ட்டில் வேலை செய்தேன் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் கேட்பது, "கூட்டுற வேலையா, தேத்தண்ணி குடுக்குற வேலையா?" என்றுதான். இரண்டும் கேவலமான வேலை இல்லை. ஆனால் இரண்டையும் நான் செய்யவில்லை. கட்டுநாயக்காவில் பெரிய சாமான் கவுன்டரில் பை திறந்து சோதிக்கிற வேலை செய்தேன். சாதாரணப் பெட்டிகள் போகிற பெல்ட்டில் போக முடியாத சாமானெல்லாம் அங்கேதான் வரும். சைக்கிள் வரும், தொட்டில் வரும், அலையில் சறுக்குகிற பலகை வரும். எல்லாவற்றையும் விட அதிகமாக வருவது, மலையேறப் போகிறவர்களும் ஏறி முடித்தவர்களும் முதுகில் தூக்கி வரும் பெரிய பை. ஹாலிஎல தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்த இந்த மேரி ஸ்டெல்லா சரி என்று சொன்னால் அந்தப் பை விமானத்தில் ஏறும். இல்லை என்று சொன்னால் ஏறாது. கூட்டுற வேலையா என்று கேட்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாயை மூடட்டும்.

இதை இப்போது எழுதக் காரணம் எல்ல என்கிற மலை ஊரில் இருக்கிற பிள்ளைகள். வெள்ளைக்காரர்களை மலைக்குக் கூட்டிப்போகிற வழிகாட்டிகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய விருந்தாளிகள் ஊர் திரும்பும்போது ஏர்போர்ட்டில் மாட்டிக்கொள்கிறார்களாம். பிறகு போனில் வழிகாட்டியைத் திட்டுகிறார்களாம். சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று வந்தார்கள். வந்த இடத்தில் ஒருவன் போனில் ஒரு வீடியோ காட்டினான். ஒரு ஆள் சிரித்துச் சிரித்துப் பை அடுக்குகிறான். பவர் பேங்கைப் பெரிய பைக்குள்ளே அடியில் வைக்கிறான். எனக்கு வந்த கோபத்தில் போனை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

"பவர் பேங்க் கையோட கொண்டுபோற பைக்குள்ளதான் இருக்கணும். கீழ சாமான் அறையில தீப்பிடிச்சா யாரு பார்க்குறது? ஒங்க வீடியோக்காரனா?"

"அதத்தான் எழுதுங்கன்னு சொல்றோம் அக்கா."

சரி, எழுதுகிறேன். சமைக்கிற கேஸ் டின் எந்தப் பையிலும் போகாது. பாதி காலியானதும் போகாது. முழுக்கக் காலி என்று நீங்கள் சத்தியம் செய்தாலும் போகாது. ஊருக்குத் திரும்பப் போகிறவனுக்குக் கடைசி நாளில் புது டின் விற்கிற கடைக்காரனுக்கு வெட்கம் இல்லை. வாங்கிக் கொடுக்கிற உங்களுக்காவது இருக்கட்டும். கத்தி, ஊன்றுகோல், கூடாரத்து ஆணி எல்லாம் பெரிய பையில். லைட்டர் பெரிய பையில் கூடாது. பூட்ஸில் மண் இருந்தால் கழுவுங்கள். சில நாட்டில் அந்த மண்ணுக்காகவே ஆளை நிறுத்தி வைப்பார்கள். ஒருமுறை ஒரு பூட்ஸுக்குள் கையை விட்டபோது அட்டை என் விரலில் ஏறியது. பக்கத்தில் நின்ற கொழும்புப் பிள்ளை அலறியது. நான் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். அட்டைக்குப் பயந்தால் எங்கள் அம்மா ஒரு நாள்கூடக் கொழுந்து எடுத்திருக்க மாட்டாள்.

பயிற்சி நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வகுப்பில் தூங்கினேன், பரீட்சையில் தேறினேன். உண்மையாக வேலை கற்றுக்கொண்டது சுமனசேகர சேரிடம்.

சுமனசேகர சேர் எங்கள் பிரிவுக்குப் பொறுப்பானவர். ஒல்லியான மனிதர். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். தமிழ் தெரியாது, எங்களோடு சிங்களத்தில்தான் பேசுவார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவர் முறை இதுதான். பையின் சொந்தக்காரர் எதிரே நிற்க வேண்டும். அவர் கண் முன்னால்தான் திறக்க வேண்டும். மேலே இருப்பதை இடது பக்கம் வைத்து, அதற்கடுத்ததை அதன் பக்கத்தில் வைத்து, அப்படியே அடி வரைக்கும் வர வேண்டும். வெளியே எடுக்க வேண்டிய சாமானைச் சொந்தக்காரர் கையாலேயே எடுக்கவைக்க வேண்டும். நாங்கள் பிடுங்கக் கூடாது. பிறகு கடைசியாக எடுத்ததை முதலில் வைத்து, இருந்தபடியே அடுக்கிக் கட்டிக் கொடுக்க வேண்டும். "இது ஒரு மனுஷன்ட வீடு. நீ கதவத் திறந்து உள்ள போயிருக்கே" என்பார். அடுக்கியதில் ஒரு காலுறை இடம் மாறியிருந்தாலும் ஒரே ஒரு சொல்தான் வரும்.

"ஆயெத்."

மறுபடி என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். ஆனால் மறுபடி செய்வேன். பையின் வார்களை உள்ளே மடித்து, இடுப்பு பெல்ட்டைப் பின்பக்கமாகச் சுற்றி மாட்டி, மழை உறையைப் போட்டு மூடுகிற வேலையை நான் செய்தால் அவர் ஆயெத் சொல்லமாட்டார். தொங்குகிற வார் ஒன்று எங்கள் கவுன்டருக்குப் பின்னால் இருக்கிற அகலமான பெல்ட்டில் மாட்டினால் மொத்தப் பெல்ட்டும் நிற்கும். நான் கட்டிய பையால் பெல்ட் நின்றதே இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை.

சுமனசேகர சேருக்கு ஒரு குறை இருந்தது. ஏதோ காய்ச்சலுக்குப் பிறகு அவருக்கு மணம் தெரியாமல் போய்விட்டது. பூவும் தெரியாது, பெட்ரோலும் தெரியாது. எங்கள் வேலையில் அது சின்ன விஷயம் இல்லை. முதுகுப் பைக்காரர்கள் எண்ணெய் ஊற்றி எரிக்கிற சின்ன அடுப்பு கொண்டுவருவார்கள். அடுப்பு காலியாக இருந்தால் மட்டும் போதாது, எண்ணெய் மணமே இருக்கக் கூடாது. மணம் இருந்தால் ஆவி இருக்கிறது. ஆவி இருந்தால் தீப்பிடிக்கலாம். மெஷின் படத்தில் அடுப்பு தெரியும், மணம் தெரியாது. ஆகவே அந்த மாதிரிப் பை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார். "மேரி, ஒன்ட மூக்குதான் என்ட மூக்கு. நீ சொல்றதுக்கு நான் கையெழுத்துப் போடுவேன். பொய் சொன்னா நான் பொய்யில கையெழுத்துப் போட்டவனாவேன்" என்றார் முதல் நாளே.

இனி அந்தப் பெண்ணுடைய கதை.

ஒரு மத்தியானம் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி ஓடி வந்து, "அக்கா, ஒரு பை மண்ணெண்ணெயில குளிச்சிட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாள். போனேன். கவுன்டருக்கு நாலடி முன்னாலேயே மூக்கில் அடித்தது. பழைய முதுகுப் பை. எதிரே ஒல்லியாக, கறுப்பாக, கண்ணை இமைக்காமல் ஒரு பெண் நின்றது. பெயர் நிரோஷா. பயணச்சீட்டு இந்தியாவுக்கு.

இங்கிலீசில் கேட்டேன். இங்கிலீசில் பதில் சொன்னது. பிறகு என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "நீங்க தமிழா மிஸ்?" என்றது. அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு ஊர் தெரிந்துவிட்டது.

"எந்தத் தோட்டம்?"

"கொஸ்லந்தப் பக்கம் மிஸ். இப்ப புது வீட்டுல இருக்கோம். நான் எல்லயில வேல செய்றேன்."

கொஸ்லந்தப் பக்கம், புது வீடு. ஏன் புது வீடு என்று நான் கேட்கவில்லை. மலை சரிந்த ஊர்க்காரர்களிடம் அதைக் கேட்கக் கூடாது.

எல்லயில் அது செய்த வேலை, வெள்ளைக்காரர்களோடு மலைக்குப் போய் அவர்கள் பையைத் தூக்குவது. வழிகாட்டி வேலை கேட்டால், பயிற்சிப் பத்திரம் இருக்கா என்று கேட்பார்களாம். ஆண் பிள்ளைகளிடம் கேட்கமாட்டார்களாம். இமயமலைப் பக்கம் ஒரு மலையேற்றப் பள்ளிக்கூடத்தில் அதற்கு இடம் கிடைத்திருந்தது. அடுத்த நாள் காலை அங்கே ஆஜராக வேண்டும். படுக்க ஸ்லீப்பிங் பேக்கும் பூட்ஸும் இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அது கொண்டுவந்த சாமானெல்லாம் எல்லத் தங்குமிடத்தில் விருந்தாளிகள் விட்டுப் போனது. இதில் தவறினால் திரும்பவும் பை தூக்க வேண்டியதுதான்.

"இதுல மண்ணெண்ணெய் ஊத்துனது யாரு?"

"ஊத்தல மிஸ். அடுப்பு சுத்தமா இருக்கணும்னு பேப்பர்ல போட்டிருந்திச்சு. அப்பாகிட்ட படிச்சுக் காட்டுனேன். அப்பா சுத்தம் பண்ணுனாரு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அப்பா ஸ்டோரில் வேலை. தோட்டத்துத் தேயிலை ஆலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். ஸ்டோரில் மெஷின் சாமான் எதைச் சுத்தம் செய்வதென்றாலும் மண்ணெண்ணெய்தான். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திக்கும் மண்ணெண்ணெய்தான். துரு போகும், பிசுக்குப் போகும், பளபளவென்று வரும். இரும்பைச் சுத்தம் செய் என்று எங்கள் ஆளிடம் சொன்னால் அவர் கை வேறெங்கே போகும்? அந்த மனிதர் அடுப்பைத் துடைத்ததோடு நிற்கவில்லை. மகள் வெளிநாடு போகிறாள் என்று பையின் ஜிப்பு, கொக்கி, ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பு எல்லாவற்றுக்கும் போட்டுத் தேய்த்திருக்கிறார்.

அந்த நேரத்தில் விமானக் கம்பனியின் டியூட்டி மேனேஜர் வந்தான். ரமேஷ் என்று கொழும்புத் தமிழ்ப் பையன். கெட்டவன் இல்லை, ஆனால் வாய் நீளம்.

"மேரி அக்கா, இதுல பார்க்க என்ன இருக்கு? பைய இங்கயே நிப்பாட்டுங்க. ஆள் போறதுன்னா போகட்டும்."

"பை இல்லாம போனா அங்க சேர்க்கமாட்டாங்க."

"ஓ, ஒங்க ஊர் ஆளா? அதான் பார்த்தேன்."

"ஊரு ஆளுன்னா மண்ணெண்ணெய் மணக்காதாடா? போய் ஒன் வேலயப் பாரு."

அவன் சொன்னது எனக்குச் சுட்டது. சுட்டதற்குக் காரணம், எல்லாரும் அதைத்தான் நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். சுமனசேகர சேரும் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் பையைப் பார்த்தார், பெண்ணைப் பார்த்தார். "பை பைதான். உள்ள இருக்கிறது வேற வேற சாமான். ஒவ்வொன்றையும் கேள்" என்றார். கேள் என்றால் மோந்து பார் என்று அர்த்தம். ரமேஷிடம், "கவுன்டர் மூடுற வரைக்கும் எனக்கு நேரம் இருக்கு" என்றார். ரமேஷ் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றான்.

பை காலியானது. அடுப்பை நிரோஷாவே எடுத்துத் தள்ளி வைத்தது. அது போகாது. பையும் போகாது, ஜிப்பு முழுக்க எண்ணெய். உடுப்பெல்லாம் நல்லவேளையாக அதன் அம்மா பிளாஸ்டிக் சிலிசிலி பேக்கில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டியிருந்தாள். எங்கள் பக்கத்து மழைக்கு எல்லாவற்றையும் அப்படிக் கட்டித்தான் பழக்கம். ஒவ்வொன்றாக அவிழ்த்து மூக்கில் வைத்துப் பார்த்தேன். துவைத்த சவர்க்காரம் மட்டும்தான் மணந்தது. பூட்ஸில் பித்தளை வளையம், துரு பிடிக்காது என்று அப்பா விட்டிருக்கிறார். மணம் இல்லை. பள்ளிக்கூடத்து ஆசிரியருக்கு என்று ஒரு தேயிலைப் பொட்டலம். பிரித்தேன். அப்படியே மண்ணெண்ணெய். தேயிலை எந்த மணத்தையும் குடித்துவிடும். அதுவும் தள்ளி வைத்த பக்கத்துக்குப் போனது.

கடைசியில் ஸ்லீப்பிங் பேக். விரித்து அடியிலிருந்து மோந்து வந்தேன். கால் பக்கம் இல்லை. நடுவில் இல்லை. ஜிப்பு ஓரத்துக்கு வந்தபோது மெல்லிய மணம். அதிகம் இல்லை. இன்னொருத்தர் என்றால் தெரியாது என்றே சொல்லிவிடுவார்கள்.

நிரோஷா குரலைத் தாழ்த்தி, தமிழில், "அக்கா, இல்லன்னு சொல்லுங்க அக்கா" என்றது. மிஸ் போய் அக்கா வந்திருந்தது. சுமனசேகர சேருக்குத் தமிழ் தெரியாது, மணமும் தெரியாது. ரமேஷுக்கு மட்டும் தமிழ் தெரியும். அவன் என் முகத்தையே பார்த்தான்.

"மேரி?" என்றார் சேர்.

"மணக்குது சேர்."

அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. "நீங்களும் இப்படித்தானா?" என்றது. நானும் இப்படித்தான். எங்கள் ஊர்க்காரி என்பதற்காக நான் பொய் சொல்லியிருந்தால், அடுத்த முறை எங்கள் ஊரிலிருந்து வருகிற எந்தப் பையையும் யாரும் நம்பமாட்டார்கள். என் மூக்கையும் நம்பமாட்டார்கள். விமானத்தில் போகிறவர்கள் எல்லாருடைய உயிரும் இதில் இருக்கிறது என்பதை நான் சொல்லவே தேவையில்லை.

அது ஸ்லீப்பிங் பேக்கைத் தன் பக்கம் இழுத்தது. அழவில்லை. பிறகு கேட்டது.

"எங்க மணக்குது?"

"ஜிப்புல. அத ஒட்டின துணியில."

"மத்த இடத்துல?"

"இல்ல."

"அப்ப ஜிப்ப வெட்டி எடுத்தா?"

எனக்கு அது தோன்றியிருக்கவில்லை. சேரிடம் சிங்களத்தில் சொன்னேன். அவர் யோசித்தார். "அவள்ட சாமான். அவள் வெட்டினா வெட்டட்டும். நீ தொடாதே" என்றார். கவுன்டர் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது, "ஒதுக்கி வெட்டு, துணியக் கொஞ்சம் தாராளமா எடு" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் தன்னிடம் இருந்த ஒரே நல்ல சாமானை மேலிருந்து கீழ் வரைக்கும் வெட்டியது. உள்ளே இருந்த பஞ்சு பிதுங்கி வந்தது.

கை கழுவிவிட்டு வந்து மோந்து பார்த்தேன்.

"இல்ல சேர்."

"ஆயெத்."

வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து மறுபடி மோந்து பார்த்தேன். வெட்டிய ஓரம் முழுக்க, பஞ்சுக்குள்ளே மூக்கை விட்டு.

"இல்ல சேர்."

"ஆயெத்."

ரமேஷ் கைக்கடிகாரத்தைத் தட்டினான். சேர் அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை. மூன்றாவது முறையும் பார்த்தேன். இல்லை என்றேன். சுமனசேகர சேர் கையெழுத்துப் போட்டார்.

ரமேஷைப் பற்றி இதையும் எழுத வேண்டும். அட்டைப் பெட்டி தேடிக்கொண்டு வந்தது அவன்தான். "புள்ள, சீக்கிரம் போடு, ஒனக்காக பிளைட்ட நிப்பாட்டி வச்சா என்னத் தொங்கவிட்டுருவாங்க" என்று திட்டிக்கொண்டே டேப் ஒட்டியதும் அவன்தான். வெட்டிய ஓரத்தையும் அந்த டேப்பாலேயே ஒட்டினோம். நிரோஷா உள்ளே போனது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பை, அடுப்பு, தேயிலை, வெட்டின ஜிப்பு. இவற்றை வெளியே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நானே தூக்கிக்கொண்டு போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அயர்ன் பண்ணின வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நின்றார். மகளின் பை என் கையில் வருவதைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணே, இதெல்லாத்தையும் மண்ணெண்ணெயில குளிப்பாட்டுனது யாரு?"

"நான்தாங்க!" என்றார். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. "ஒரு பொட்டு துரு இருக்காது, பாருங்க."

திட்டுவதற்குத்தான் வாயைத் திறந்தேன். எனக்குத் திட்ட வராத நாள் அது ஒன்றுதான்.

"நல்லாத்தான் தொடச்சிருக்கீங்க. ஆனா இங்க சுத்தம்னா எண்ணெய் மணமே இருக்கக் கூடாது அண்ணே. சவர்க்காரம் போட்டுக் கழுவி வெயில்ல வைக்கணும்."

அவர் அடுப்பை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தார். "எனக்கு ஒன்னும் மணக்கலயே" என்றார். எப்படி மணக்கும்? பிறந்ததிலிருந்து அந்த மணத்துக்குள்ளேதானே இருக்கிறார். பிறகு மெதுவாக, "புள்ள போகுதுங்களா?" என்று கேட்டார்.

"போகுது."

அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார்.

நிரோஷா பத்திரத்தோடு திரும்பி வந்தது. வந்ததும் எனக்கு ஒரு படம் அனுப்பியது. என் போன் நம்பரை ரமேஷிடம் வாங்கியிருக்கிறது. பனிக்கு நடுவில் கூடாரம், உள்ளே அந்த ஸ்லீப்பிங் பேக். ஜிப்பு இருந்த இடம் முழுக்கக் கறுப்பு நூலால் கோணல் மாணலாகத் தைத்திருந்தது. படத்துக்குக் கீழே, "தலை வழியா நுழையிறேன்" என்று மட்டும் எழுதியிருந்தது. நன்றி கின்றி ஒன்றும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது எல்லயில் அந்தச் சங்கத்துக்குத் தலைவி அதுதான். என்னிடம் கட்டுரை கேட்டுப் பிள்ளைகளை அனுப்பியதும் அதுதான். நேரில் வந்து கேட்க வாய் வரவில்லையாம். வாயாடி.

நான் ஓய்வு பெற்று ஹாலிஎலக்குத் திரும்பியதிலிருந்து அதன் அப்பாவுக்கு ஒரு வழக்கம். மகள் எந்த மலைக்கு விமானம் ஏறினாலும், அதற்கு முதல் நாள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவார். மேசையில் வைத்து, தானே ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, மேலிருந்தது இடது பக்கம் என்று வரிசையாக அடுக்குவார். சுமனசேகர சேரின் முறையை நான் சொல்லிக் கொடுத்தேன், ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டார். சும்மாவா, ஸ்டோரில் மெஷின் கழற்றிப் பூட்டின கை. அவருக்கு மண்ணெண்ணெய் மணம் தெரியாது, எனக்குத் தெரியும். கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

போன வாரமும் வந்தார்கள். மகளும் கூடவே வந்திருந்தது. அடுப்பு, பை, ஜிப்பில்லாத அந்த ஸ்லீப்பிங் பேக், எல்லாவற்றையும் மோந்து பார்த்தேன். சவர்க்காரமும் வெயிலும்தான் மணந்தது.

"ஆயெத்" என்றேன்.

அப்பா மறுபடி ஒவ்வொன்றாக என் முன்னால் நகர்த்தத் தொடங்கினார்.

"அப்பா, ஒன்னும் மணக்கலன்னு அவங்களுக்கே தெரியும். வேணும்னே பண்றாங்க" என்றது நிரோஷா.

"மூக்கு யாருதுடி?" என்றேன்.

நிரோஷா அடுப்பை எடுத்து என் மூக்குக்குக் கீழே நீட்டியது.